உருளைக்கிழங்கை ஆவியில் வேகவைக்க: தண்ணி குடிக்காம, உடையாம எடுப்பது எப்படி?

நித்யகல்யாணி (பெரம்பூர்)

அனைவருக்கும் வணக்கம். உருளைக்கிழங்கை 5 லிட்டர் குக்கர்ல முங்குற அளவு தண்ணி ஊத்தி 4 விசில் விட்டு எடுக்குறேன். தோல் வெடிச்சு, மேல்பக்கம் கரைஞ்சு தண்ணியோட போயிடுது. பெரிய கிழங்கா இருந்தா மேல குழைஞ்சும் நடுவுல நறுக்நறுக்குனும் இருக்கு. அதைப் பிசைஞ்சு போண்டா போட்டா மசாலா எண்ணெய்ல பிச்சுக்கிட்டு வெளிய வருது. காரக்கறி பண்ணினா துண்டு நிக்காம மசியலாயிடுது.

ஆவியில வேகவெச்சா இது சரியாகும்னு சொல்றாங்க. வீட்டுல இருக்குறது: அலுமினிய இட்லி பானை, குக்கர், குக்கரோட வந்த ரெண்டு அடுக்குப் பாத்திரம். ஸ்டீமர்னு தனியா வாங்குற எண்ணம் இல்லை. முழுசா வைக்கணுமா, நறுக்கி வைக்கணுமா? தோலோடவா, சீவிட்டா? எத்தனை நிமிஷம்? தண்ணி எவ்வளவு? உப்பு எப்பப் போடணும்? ஒரு தடவைக்கு ஒன்றரை கிலோ வேகணும். எங்க வீட்டுல வர்றது போர் தண்ணி, பாத்திரத்துல வெள்ளையாப் படியுற ரகம். அதனால ஏதாவது பிரச்சினை வருமான்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இட்லிப்பானை (மயிலாப்பூர்)

மேடம், இட்லி பானையே போதும். கிழங்கு ஏன் சொதசொதன்னு ஆகுதுங்கறதை முதல்ல சொல்லிடறேன், மத்ததெல்லாம் அதுலேருந்து தானா விளங்கிடும். உருளைக்கிழங்குல கிட்டத்தட்ட நூத்துக்கு எண்பது பங்கு தண்ணிதான். 60, 70 டிகிரி செல்சியஸ் வந்ததும் உள்ளே இருக்குற மாவுச்சத்து பக்கத்துல இருக்குற அந்தத் தண்ணியை இழுத்துக்கிட்டு உப்பும். வேகுறதுக்கு வெளித்தண்ணி ஒரு சொட்டுகூட அதுக்கு வேண்டாம். தோல் வெடிச்ச வழியா உள்ளே போற தண்ணி அத்தனையும் மிகைதான். அந்த மிகைதான் எண்ணெய்ச் சட்டியில ஆவியா மாறி போண்டாவைக் கிழிச்சுட்டு வெளிய வருது. ஆகவே கிழங்கு மேல ஆவிதான் படணும், தண்ணி படக்கூடாது. கீழேருந்து தெறிக்கிற தண்ணியும் ஆகாது, மூடியிலேருந்து சொட்டுற தண்ணியும் ஆகாது.

இட்லித் தட்டோட குழியில கிழங்கை வைக்காதீங்க. ஓட்டைகள் சின்னது, கிழங்கு உக்காந்ததும் அடைபட்டுப் போகும். குழியில ஆவி தண்ணியாத் தேங்கி, அடிப்பக்கம் ஊறிடும். இடியாப்பத் தட்டு மாதிரி தட்டையா, ஓட்டை நிறைய இருக்குற தட்டு வேணும். அது இல்லேன்னா காய் கழுவுற எவர்சில்வர் வடிகூடையை பானைக்குள்ள ஒரு கம்பி ஸ்டாண்டு மேல உக்கார வைங்க. கூடையோட அடிக்கும் தண்ணிக்கும் நடுவுல ரெண்டு விரல்கடை இடைவெளி இருக்கணும். அதைவிடக் குறைஞ்சா தண்ணி நல்லாக் கொதிக்கும்போது கிழங்கைத் தொட்டுடும்.

தண்ணி 1 லிட்டர் ஊத்துங்க, 35 நிமிஷத்துக்கு மேல போகும்னு தெரிஞ்சா ஒன்றேகால். நடுவுல குறைஞ்சா கொதிக்கிற தண்ணியைத்தான் சேர்க்கணும். பச்சைத் தண்ணி ஊத்தினா ஆவி நின்னுபோய், திரும்பக் கிளம்ப அஞ்சாறு நிமிஷம் ஆகும், உங்க நிமிஷக் கணக்கெல்லாம் தப்பிடும். பானை அடியில ஒரு ரூபாய்க் காசு ஒண்ணைக் கழுவிப் போட்டு வைங்க. தண்ணி இருக்குறவரை கடகடன்னு ஆடிக்கிட்டே இருக்கும். சத்தம் நின்னா தண்ணி வத்திடுச்சுன்னு அர்த்தம். மூடியைத் திறந்து பார்க்கவே வேண்டாம். அலுமினியப் பானை உள்பக்கம் கறுக்காம இருக்க, பிழிஞ்சு போட்ட எலுமிச்சைத் தோலோ கொட்டைப்பாக்களவு புளியோ தண்ணியில கிடக்கட்டும்.

தண்ணி தளதளன்னு கொதிச்சு ஆவி மூடி விளிம்புல நல்லா வந்த பிறகு கிழங்கை வைங்க. அப்பலேருந்துதான் நேரக் கணக்கு. நடுத்தர தீ போதும், ஆனா ஆவி நிக்கவே கூடாது.

நேரத்தை எடையை வெச்சுப் பாருங்க. கிலோவுக்கு 10 நிக்கிற நடுத்தரக் கிழங்கு, அதாவது ஒண்ணு 100 கிராம், தோலோட முழுசா 30லிருந்து 35 நிமிஷம். அதையே ரெண்டா வெட்டி வெச்சா 20, 22. எலுமிச்சம்பழ அளவுக் கிழங்கு முழுசா 22லிருந்து 25. நெல்லிக்காய் அளவுக் குட்டிக் கிழங்கு 15லிருந்து 18. ஒரு அங்குலத் துண்டு 12லிருந்து 15. ஒரு கிழங்கே 150 கிராம் தாண்டினா முழுசா வைக்காதீங்க, 40 நிமிஷம் தாண்டியும் நடு கல்லாட்டம் நிக்கும். தடிமன் ரெண்டு மடங்கானா நேரம் ரெண்டு மடங்குக்கு மேலயே ஆகும், சூடு நடுவுக்குப் போய்ச் சேர அவ்வளவு தூரம் ஊர்ந்து போகணும். அதனால பெரிசும் சிறிசும் கலந்து ஒரே தட்டுல வைக்கிறதுதான் பெரிய தப்பு. பெரிசை வெட்டிச் சின்னதோட அளவுக்குக் கொண்டுவாங்க.

ஒன்றரை கிலோவை ஒரே அடுக்குல பரப்ப இட்லி பானையில இடம் இருக்காது. முக்கால் கிலோ, முக்கால் கிலோவா ரெண்டு தடவை போடுங்க. அவசரம்னா ரெண்டு தட்டு அடுக்கலாம். ஆனா மேல்தட்டுக்கு ஆவி வர்றதுக்குள்ள கீழ்த்தட்டு அதை எடுத்துக்கும், மேலே இருக்குறதுக்கு 5 நிமிஷம் கூடுதலா வேணும்.

மூடியை ஒரு பருத்தித் துணியால சுத்தி, நுனிகளை மேலே கைப்பிடியில கட்டிடுங்க. மூடியில படியுற ஈரத்தைத் துணி குடிச்சுக்கும், கிழங்கு மேல சொட்டாது. துணி நுனி தீப்பக்கம் தொங்காம பாத்துக்கங்க.

வெந்துதான்னு பார்க்க இருக்குறதுலயே பெரிய கிழங்கோட நடுவுல கத்தி நுனியை இறக்குங்க. தடையில்லாம இறங்கி, கத்தியைத் தூக்கும்போது கிழங்கு தானா நழுவி விழுந்தா வெந்தாச்சு. கத்தியோட தொங்கிக்கிட்டு மேலே வந்தா இன்னும் 5 நிமிஷம்.

அடுப்பை அணைச்சதும் மூடியைத் திறந்து, கிழங்கை அகலமான தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்புங்க. பலரும் விட்டுடற வேலை இதுதான். எடுத்த உடனே கிழங்கு பளபளன்னு ஈரமா இருக்கும். நாலஞ்சு நிமிஷத்துல அதோட சூட்டுலயே மேல் ஈரம் பறந்து, வெட்டின பக்கம் மங்கலா, லேசா மாவு தூவின மாதிரி வெளுக்கும். அந்த வெளுப்பு வந்த பிறகுதான் கையை வைக்கணும். மூடி போட்டபடியே பானையில விட்டுட்டா ஆவி மறுபடி தண்ணியாகிக் கிழங்கு மேலயே இறங்கும், பண்ணின வேலை அத்தனையும் வீண்.

குரோம்பேட்டை சமையல்

மேலே சொன்னது சரி. ஆனா வேலைக்குப் போற வீட்டுல ரெண்டு தடவை அரை அரை மணி நேரம் அடுப்பை ஓட்ட முடியாது. குக்கர்லயே ஆவியில வேகவைக்கலாம், கேஸும் மிச்சம்.

5 லிட்டர் குக்கர்ல அடியில 2 டம்ளர், அதாவது 400லிருந்து 500 மில்லி தண்ணி. அதுக்குக் குறையக் கூடாது, அடி பிடிச்சா கேஸ்கெட்டும் கெடும். கம்பி ஸ்டாண்டு வெச்சு அதுமேல அடுக்குப் பாத்திரம். பாத்திரத்துக்குள்ள தண்ணியே வேண்டாம், கழுவின கிழங்கை நீர் வடிச்சு அப்படியே வைங்க. மேல ஒரு சின்னத் தட்டைச் சாய்ச்சு வெச்சா மூடியிலேருந்து சொட்டுறது உள்ளே விழாது. ஓட்டை இல்லாத பாத்திரத்துல ஆவி நேரா கிழங்கைத் தொடாம சுத்தி வரணும், அதனால ஓட்டைப் பாத்திரத்தைவிட 4, 5 நிமிஷம் கூட ஆகும்.

விசிலை எண்ணாதீங்க. ஒரே 3 விசில், பெரிய தீயில 4 நிமிஷத்துல வரும், சின்ன தீயில 15 நிமிஷம் இழுக்கும். மூடியில ஆவி நேர்கோடா வந்ததும் வெயிட் போட்டு, முதல் விசில் வந்ததும் சிம்ல வெச்சு, கடிகாரத்தைப் பாருங்க. 100 கிராம் கிழங்கு முழுசா, ஓட்டைப் பாத்திரத்துல 8லிருந்து 10 நிமிஷம். பாதியா வெட்டினா 5. குட்டிக் கிழங்கு 4. உங்க பாத்திரத்துல ஓட்டை இல்லைன்னா மேலே சொன்ன நிமிஷத்தைச் சேர்த்துக்கங்க.

நீங்க சொன்ன வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளிய விடறது. வெயிட் போட்ட குக்கருக்குள்ள 120 டிகிரி பக்கம் சூடு இருக்கும், கிழங்குக்குள்ள இருக்குற தண்ணியும் 100 டிகிரிக்கு மேல போயிருக்கும். அழுத்தம் சட்டுனு இறங்கினா அந்தத் தண்ணி உள்ளேயே ஒரே கொதியாக் கொதிச்சு, தோலைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். அடுப்பை அணைச்சுட்டு வெயிட் தானா தளர்ற வரைக்கும் 10 நிமிஷம் விடுங்க. தளர்ந்ததும் உடனே திறந்து வெளிய பரப்பிடணும், அதுக்கு மேல உள்ளே கிடந்தா ஊறும்.

தோலைச் சீவாதீங்க, தோல்தான் கவசம். வேகவைக்கிறதுக்கு முன்னாடி கிழங்கோட இடுப்பைச் சுத்தி கத்தியால ஒரே ஒரு வட்டக் கீறல் போடுங்க, தோல் கனம்தான், ஆழம் வேண்டாம். வெந்ததும் ஒரு துணியால பிடிச்சு ரெண்டு பக்கமும் இழுத்தா தொப்பி கழட்டுற மாதிரி தோல் ரெண்டு பாதியா வந்துடும். சூடா இருக்கும்போதே உரிக்கணும். ஆறினா தோல் சதையோட ஒட்டிக்கிட்டு, சதையும் சேர்ந்து போகும். சூடு தாங்கலைன்னு பச்சைத் தண்ணியில போட்டு உரிக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம், வெடிச்ச இடத்துல தண்ணி உறிஞ்சுடும்.

கோயம்பேடு காய்கறி

பாத்திரம், நேரம் எல்லாம் சொல்லிட்டாங்க. கிழங்கைப் பத்தியும் கொஞ்சம் பேசணும். ஒரே பானையில, ஒரே நேரம் வெச்சாலும் ஒரு கிழங்கு மாவா உதிரும், இன்னொண்ணு மெழுகாட்டம் நிக்கும்.

சென்னையில கிடைக்கிறது பெரும்பாலும் ஆக்ரா கிழங்கு, ஊட்டிக் கிழங்கு, அப்புறம் கர்நாடகாவுலேருந்து வர்றது. உத்தரப் பிரதேசத்துக் கிழங்கு அக்டோபர், நவம்பர்ல ஊன்றி பிப்ரவரி, மார்ச்ல தோண்டுவாங்க, பிறகு வருஷம் பூரா குளிர்பதனக் கிடங்குலேருந்து வெளிய வரும். ஊட்டியில கார்போகம், கடைப்போகம், நீர்ப்போகம்னு மூணு போகம் இருக்கறதால புதுக் கிழங்கு அடிக்கடி கிடைக்கும். நம்ம ஊர்ல ரொம்ப நாளாப் புழங்குற குஃப்ரி ஜோதி 1968ல வந்த ரகம். சிம்லாவுல இருக்குற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடற ரகங்கள் பலதுக்கும் பக்கத்து ஊரான குஃப்ரி பேர்தான் முன்னாடி வரும்.

மேல ஒட்டியிருக்குற செம்மண்ணை மட்டும் பார்த்து ஊட்டின்னு முடிவு பண்ணாதீங்க. மண் யார் வேணாலும் பூசலாம். கிழங்கை அழுத்திப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கணும். தோல் சுருங்கியிருந்தா உள்ளே நீர் போயிடுச்சு.

எந்தக் கிழங்கு மாவு ரகம்னு வீட்டுலயே பார்க்கலாம். 1 லிட்டர் தண்ணியில 100 கிராம் உப்பு கரைச்சு, கழுவின கிழங்கைப் போடுங்க. முழுகினா மாவுச்சத்து அதிகம், வெந்தா உதிரும், போண்டா, கட்லெட்டுக்கு ஏத்தது. மிதந்தா நீர்ச்சத்து அதிகம், துண்டு நிக்கும், காரக்கறி, ரோஸ்ட்டுக்கு அது. பார்த்ததும் கிழங்கை நல்ல தண்ணியில அலசிடுங்க.

கிடங்குக் கிழங்குல இனிப்பு தட்டும். குளிர்ல மாவுச்சத்து சர்க்கரையா மாறுறதால வர்றது அது. ஆவியில வேகவெச்சா அந்த இனிப்பு இன்னும் தெரியும், கரைஞ்சு போக வெளித்தண்ணி இல்லை பாருங்க. அந்தக் கிழங்கை வாங்கினா ஒரு வாரம், பத்து நாள் காத்தோட்டமா கூடையில போட்டு வெச்சுச் சமைங்க, இனிப்பு ஓரளவு குறையும். அதே காரணத்தாலதான் பச்சைக் கிழங்கை ஃபிரிட்ஜ்ல வைக்கக் கூடாதுங்கறது. வெங்காயக் கூடையிலயும் வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்துலயும் வேண்டாம். சென்னை வெக்கைக்கு சீக்கிரம் முளைவிடும், பத்து, பதினைஞ்சு நாளுக்கு மேல சேர்த்து வாங்காதீங்க.

தோல் பச்சையா இருந்தா அந்த இடத்தை ஆழமாச் சீவி எறிஞ்சுடணும், முளையையும் சுத்தியுள்ள சதையோட குடைஞ்சு எடுக்கணும். நிறையப் பச்சையா இருந்தாலோ, வெந்த பிறகு கசந்தாலோ முழுக் கிழங்கையும் போட்டுடுங்க. அதுல இருக்குற சோலனின்ங்கற நச்சு வேகவெச்சாப் போகாது, குக்கர்ல வெச்சாலும் சரி.

நித்யகல்யாணி (பெரம்பூர்)

இவ்வளவு விவரமா சொன்னதுக்கு எல்லாருக்கும் நன்றி. வடிகூடை முறையில, பாதியா வெட்டி 22 நிமிஷம் வெச்சேன், அப்புறம் பரப்பி வெச்சேன். சொன்ன அந்த வெளுப்பு நல்லாத் தெரிஞ்சுது, போண்டா ஒண்ணுகூடப் பிரியலை.

இன்னும் மூணு சந்தேகம். ஆறின பிறகு சில துண்டுல ஒரு முனையில மட்டும் சாம்பல் கறுப்பா திட்டு வந்திருக்கு, அழுகலா அது? போர் தண்ணி கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை. மூணாவது, காரக்கறிக்குத் துண்டு இப்பவும் ஓரம் மசியுது. உப்பைப் பானைத் தண்ணியிலயே போட்டேன், கிழங்குல சுத்தமா ஏறலை.

அடையாறு (உணவு வேதியியல்)

வணக்கம். உப்பிலிருந்து தொடங்குகிறேன். ஆவி என்பது வெறும் தண்ணீர். பானையில் எவ்வளவு உப்பு போட்டாலும் அது பானையிலேயே நின்றுவிடும், ஆவியோடு ஏறாது. வெந்து பரப்பிய கிழங்கு சூடாக இருக்கும்போதே கிலோவுக்கு 10லிருந்து 12 கிராம், அதாவது தூள் உப்பு 2 சிறு கரண்டி, தூவிக் குலுக்குங்கள். சூட்டில் உப்பு உள்ளே இறங்கும், ஆறிய பிறகு மேலேயே நின்று கரிக்கும்.

போர் தண்ணீர்க் கேள்விக்கும் இதே பதில்தான். கடினநீரில் இருக்கும் கால்சியமும் ஆவியோடு வராது. நேராகக் கடினநீரில் அவித்தால்தான் சிக்கல். கிழங்கின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்கிவிடும், வேக நேரம் பிடிக்கும். உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு ஆவி முறை மிகவும் பொருத்தமானது. பானையின் அடியில் வெள்ளைப் படிவம் சேரும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தேய்த்தால் போய்விடும்.

கறுப்புத் திட்டு அழுகல் அல்ல. கிழங்கில் இயல்பாக இருக்கும் இரும்பும் குளோரோஜெனிக் அமிலமும் வேகும்போது சேர்ந்து, ஆறும்போது காற்றுப் பட்டு நிறம் மாறுகின்றன. கொடியோடு ஒட்டியிருந்த முனையில் இது அதிகம் தெரியும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. அழுகல் என்றால் நாற்றம் இருக்கும், சதை குழைந்து நீர் விடும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். திட்டு வரக் கூடாது என்றால் வெட்டிய கிழங்கை வேகவைக்கும் முன் 1 லிட்டர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு 5 நிமிடம் போட்டு வடித்துவிடுங்கள். பானைத் தண்ணீரில் எலுமிச்சைத் தோல் போடுவது பானையைத்தான் காக்கும், கிழங்குக்கு எட்டாது. சாற்றை அளவுக்கு மீறிச் சேர்த்தால் புளிப்பு பெக்டினைக் கரையவிடாது, கிழங்கு வேகாமல் விறைக்கும். வேகாத உருளைக்கிழங்கைப் புளிக்குழம்பில் போட்டால் எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்று நிற்பதும் இதனால்தான்.

காரக்கறித் துண்டு மசியாமல் இருக்க ஒரு வழி உண்டு. கிழங்கில் உள்ள ஒரு நொதி 55லிருந்து 70 டிகிரி வரை சுறுசுறுப்பாக இயங்கி, பெக்டினைக் கால்சியத்தோடு பிணைத்து இறுக்கிவிடும். அதற்கு மேல் சூடு ஏறினால் அந்த நொதி செத்துவிடும், ஆனால் போட்ட பிணைப்பு நிற்கும். வெப்பமானி இல்லாமலே இதைச் செய்யலாம். 1 கிலோ கிழங்குத் துண்டுக்கு மொத்தம் 2 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்கு கொதிநீர், ஒரு பங்கு சாதாரணத் தண்ணீர் கலந்தால் 75 டிகிரிப் பக்கம் நிற்கும், கிழங்கைப் போட்டதும் 63க்கு அருகில் இறங்கும். மூடி 20 நிமிடம் வைத்து, வடித்து, பிறகு ஆவியில் வேகவையுங்கள். வழக்கத்தைவிட இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகும், ஓரம் கூர்மையாக நிற்கும். இந்த ஒரு வேலைக்கு உங்கள் போர் தண்ணீரின் கால்சியம் உதவிதான். போண்டாவுக்கான கிழங்குக்கு இதைச் செய்துவிடாதீர்கள், பிசையவே வராது.

கேட்டரிங் கை (மேற்கு மாம்பலம்)

மேலே ஐயா சொன்னதைச் செய்ய நேரமில்லாதவங்களுக்கு: காரக்கறிக்குக் கிழங்கை முக்கால் வேக்காட்டுல எடுங்க. கத்தி இறங்கணும், ஆனா நடுவுல கொஞ்சம் பிடிக்கணும், அப்ப நிறுத்திடுங்க. ஆறவெச்சு, மூடி போட்ட டப்பாவுல ராத்திரி ஃபிரிட்ஜ்ல வெச்சுக் காலையில நறுக்கினா கத்தியில ஒட்டாம சதுரமா வரும். ஆறும்போது மாவுச்சத்து மறுபடி இறுகிக்கும், சட்டியில கிளறினாலும் உடையாது. எண்ணெயும் கம்மியாத்தான் குடிக்கும்.

பொடிமாஸுக்கு முழு வேக்காடு வேணும், ஆனா ஆறினதுதான் வேணும். சூட்டோட உதிர்த்தா கட்டி கட்டியாச் சேரும். ஆறின கிழங்கை கேரட் துருவுற பெரிய கண்ல துருவினா உதிரி உதிரியா நிக்கும், கடைசியில எலுமிச்சை பிழியறதுக்கு முன்னாடி அடுப்பை அணைச்சுடுங்க.

போண்டாவுக்கும் கட்லெட்டுக்கும் நேர் எதிர், வெளுப்பு வந்ததும் சூட்டோட மசிக்கணும். மத்தாலயோ டம்ளரோட அடியாலயோ மேலேருந்து அழுத்துங்க, சுத்திச் சுத்திக் கடையாதீங்க. மிக்ஸியில போடறதுக்கு நினைக்கவே கூடாது. செல் உடைஞ்சு உள்ளே இருக்குற மாவுப்பசை வெளிய வந்தா கோந்து மாதிரி இழுக்கும், அதுக்கப்புறம் அதைச் சரி பண்ணவே முடியாது.

ஏற்கெனவே தண்ணி குடிச்ச கிழங்கு கையில இருந்தா வீணாக்க வேண்டாம். மசிச்சு, எண்ணெய் விடாத வாணலியில சின்ன தீயில 3, 4 நிமிஷம் பிரட்டுங்க. சட்டியில ஒட்டாம சுருண்டு வரும்போது இறக்கிடுங்க. இன்னும் தளர்ச்சியா இருந்தா அரை கிலோ கிழங்குக்கு பொட்டுக்கடலை மாவு 1 மேசைக்கரண்டி. மைதா போடாதீங்க, போண்டா உள்ளே மாவு வாசம் அடிக்கும்.

பூரி மசாலுக்கு இந்த மெனக்கெடல் எதுவும் தேவையில்லை. அதுக்குக் குக்கர்ல தண்ணியில வெடிச்ச கிழங்கே நல்லது, கரைஞ்ச மாவுதான் மசாலுக்கு இழுவையைத் தருது.

வெந்த கிழங்கை அடுப்படியில மூடி வெச்சு மதியம் வரைக்கும் விடாதீங்க, நம்ம ஊர் சூட்டுல ஊசிப்போகும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுக்குப் போகணும், ரெண்டு, மூணு நாளுக்குள்ள தீர்த்துடணும். ஃபிரீசர்ல வைக்காதீங்க, எடுத்தா பஞ்சு மாதிரி ஆகி, அமுக்கினா தண்ணி வரும்.

குரோம்பேட்டை சமையல்

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போச்சு. சிறுநீரகப் பிரச்சினைக்காக பொட்டாசியம் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னவங்க யாராவது வீட்டுல இருந்தா, அவங்களுக்கு ஆவிக் கிழங்கு ஆகாது. ஆவியில வேகவெச்சா வைட்டமின் சி-யும் பொட்டாசியமும் அதிகமா கிழங்குலயே தங்கும், மத்தவங்களுக்கு அது நல்லது, இவங்களுக்கு அதுதான் கெடுதல். அவங்களுக்குத் தோல் சீவி, சின்னதா நறுக்கி, நிறையத் தண்ணியில வேகவெச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில மறுபடி வேகவைக்கணும். அப்பவும் எவ்வளவு சாப்பிடலாம்கறதை டாக்டர்கிட்டயே கேட்டுக்கங்க.

நித்யகல்யாணி (பெரம்பூர்)

மாமியாருக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கு, சொன்னது ரொம்ப உதவி. அவங்க பங்கைத் தனியா ரெண்டு தண்ணியில வேகவெச்சுக்கறேன். கடைசியா ஒண்ணே ஒண்ணு: குட்டிக் கிழங்கு ரோஸ்ட்டுக்கு முள்கரண்டியால குத்திட்டு ஆவியில வைக்கலாமா, வெந்த பிறகு குத்தணுமா?

இட்லிப்பானை (மயிலாப்பூர்)

வெந்து, உரிச்ச பிறகு குத்துங்க. முன்னாடியே குத்தினா ஓட்டை வழியா ஈரம் உள்ளே போகும், தோலும் அந்த இடத்துலேருந்து கிழியும். மைக்ரோவேவ்ல வைக்கும்போதுதான் முன்னாடியே குத்தறது கட்டாயம், இல்லேன்னா உள்ளே ஆவி அடைபட்டு வெடிச்சுடும். நாலு பக்கமும் பாதி ஆழத்துக்குக் குத்தி, உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் பிரட்டிப் பத்து நிமிஷம் வெச்சுட்டு சட்டியில போடுங்க.